கனடா ஸ்பொன்சர் கோப்பு இழுபடும்போது எந்தச் சேவைக்குக் காசு தகும்?

கனடாவுக்கு வெளியே இருக்கும் கணவன் அல்லது மனைவியின் விண்ணப்பத்தை முடிக்க ஐ.ஆர்.சி.சி. (கனடாவின் குடிவரவுத் திணைக்களம்) தனக்கென்று வைத்திருக்கும் இலக்கு 12 மாதம். அது தாண்டியதும் கேள்விகள் தொடங்கும். சுன்னாகத்திலிருந்து மாமி கேட்பா, ஸ்கார்பரோவில் லிஃப்டில் சந்திப்பவரும் கேட்பார்: "இன்னும் ஒண்டும் வரேல்லையோ?" அந்த நெருக்கடியில் பலர் ஒரே வாரத்தில் வெப்ஃபோர்ம் (திணைக்களத்தின் இணையப் படிவம்), எம்.பி. அலுவலகம், முகவர், வழக்கறிஞர் என்று எல்லாக் கதவையும் தட்டிவிடுகிறார்கள். கோப்பு எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் தட்டினால், கதவுக்குப் பின்னால் இருப்பவராலும் உருப்படியாக எதுவும் கேட்டுச் சொல்ல முடியாது. ஆகவே இந்த மதிப்பீட்டில் முதலிடம் கோப்பின் உள் குறிப்பை எடுக்கும் ஐந்து டொலர்ச் சேவைக்கு. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

2024 ஏப்ரல் 30 இல் உயர்ந்த கணக்குப்படி ஸ்பொன்சர் கட்டணம் 85, செயலாக்கம் 545, நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 575, கைரேகைக்கு 85 என்று 1,290 டொலர் ஏற்கெனவே போயிருக்கும். வைத்தியப் பரிசோதனை, பொலிஸ் சான்றிதழ், மொழிபெயர்ப்புச் செலவுகள் இதில் இல்லை. இதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு டொலருக்கும் என்ன கிடைக்கிறது என்று பார்த்துக் கொடுப்பது நல்லது.

காசில்லாத மூன்று

கோப்பின் நிலையை இணையத்தில் காட்ட 2022 பெப்ரவரியில் வந்த ஸ்டேட்டஸ் டிராக்கர் முன்பு இருந்ததை விடப் பரவாயில்லை. ஸ்பொன்சரும் துணையும் தனித்தனியே கணக்குத் திறக்கலாம். முகவர் வைத்திருப்பவர்களும் கட்டாயம் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் திணைக்களத்தின் கடிதம் முகவருக்குப் போய், அவர் பார்த்துச் சொல்லும்வரை 30 நாள் கெடுவில் பாதி கரைந்துவிடும். கைரேகைக் கடிதத்துக்கு அப்படி ஒரு 30 நாள் கெடு உண்டு. மாணவ விசாவுக்கோ வருகை விசாவுக்கோ முன்பு கைரேகை கொடுத்திருந்தாலும் 2023 யூன் 14 முதல் நிரந்தர வதிவிட விண்ணப்பத்துக்கு மறுபடியும் கொடுக்க வேண்டும். "குடுத்தது பத்து வருசத்துக்குச் செல்லும்" என்று விட்டுவிடுபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

டிராக்கரின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. பின்னணிச் சோதனை "நடைபெறுகிறது" என்று காட்டும். அதற்குள்ளே எது நடைபெறுகிறது என்று சொல்லாது. குற்றப் பதிவுச் சோதனையா, பாதுகாப்புச் சோதனையா, நாடுகளுக்கிடையிலான தகவல் பரிமாற்றமா என்பது அங்கே தெரியாது. தாமதத்தின் வேரோ பெரும்பாலும் அந்தப் பிரிவுக்குள்தான் கிடக்கும்.

வெப்ஃபோர்மைத் தகவல் கொடுக்கும் பெட்டியாக மட்டும் பயன்படுத்துங்கள். புது பாஸ்போர்ட், முகவரி மாற்றம், குழந்தை பிறந்தது, வேலை மாறியது ஆகியவற்றை உடனே போடவேண்டும். ஒரு ஃபோர்மில் ஒரு விடயம் மட்டும் எழுதி, விண்ணப்ப எண்ணை முதல் வரியிலேயே போட்டு, வரும் உறுதி மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். "எப்போது முடியும்?" என்ற கேள்விக்கு அச்சடித்த பதில்தான் வரும். தொலைபேசிச் சேவையும் அப்படியே. கனடாவுக்குள்ளிருந்துதான் அழைக்க முடியும், எதிரே இருப்பவர் திரையில் தெரிவதைப் படித்துச் சொல்வார். தொலைபேசியில் நல்ல ஆள் கிடைத்தால் மருத்துவம் பாஸாகிவிட்டதா, ஸ்பொன்சர் தகுதி முடிந்ததா என்று இரண்டு விடயம் தேறும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஐந்து டொலர்க் குறிப்பு

ஜி.சி.எம்.எஸ். என்பது ஐ.ஆர்.சி.சி.யின் உள் கணினிப் பதிவு; அதன் குறிப்பு உங்கள் கோப்பின் உட்பக்கம். அதிகாரி எந்தத் தேதியில் திறந்தார், என்ன எழுதினார், எந்த அலுவலகத்துக்கு மாற்றினார், எந்தப் பிரிவு பாஸ், எந்தப் பிரிவு தொடங்கவே இல்லை என்பவை அதில் இருக்கும். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டால் கட்டணம் 5 டொலர். கனடியக் குடியுரிமையாளர், நிரந்தர வதிவிடக்காரர், அல்லது கனடாவுக்குள் இருக்கும் எவரும் கேட்கலாம். இன்னொரு வழி பிரைவசி சட்டம்: 2022 யூலை 13 முதல் வெளிநாட்டில் இருப்பவரும் தன் சொந்தத் தகவலை அதன் கீழ் இலவசமாகக் கேட்கலாம். ஆக, யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருக்கும் மனைவி தானே விண்ணப்பித்தால் ஐந்து டொலரும் மிச்சம்.

செய்முறை எளிதுதான், ஆனால் சின்னப் பிழைக்கும் திரும்பி வரும். இணையத்தில் ஐ.ஆர்.சி.சி.யைத் தேர்ந்து, துணையின் யூ.சி.ஐ. எண்ணையும் (திணைக்களம் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் அடையாள எண்) எஃப் எழுத்தில் தொடங்கும் விண்ணப்ப எண்ணையும் கொடுக்க வேண்டும். ஸ்பொன்சர் கேட்பதாக இருந்தால் துணை கையெழுத்திட்ட ஐ.எம்.எம். 5744 சம்மதப் படிவம் தேவை. மூன்றாம் ஆள் கேட்டால் இருவரின் கையெழுத்தும் வேண்டும். பேனாவால் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போகட்டும். கேட்கும் வாசகத்தைச் சுருக்கமாக வையுங்கள்: முழு ஜி.சி.எம்.எஸ். குறிப்பு, அதிகாரிகளின் குறிப்புகள், உள் மின்னஞ்சல்கள், பாதுகாப்புச் சோதனைக் கோரிக்கை அனுப்பிய தேதி. சட்டப்படி 30 நாளில் பதில் வரவேண்டும். வராமல் இழுத்தால் தகவல் ஆணையரிடம் 60 நாளுக்குள் இலவசமாக முறையிடலாம்.

வந்ததும் பலர் கடைசிப் பக்கத்துக்கு ஓடிப் போய், ஒன்றும் விளங்காமல் மூடிவிடுகிறார்கள். முதலில் தேடவேண்டியது எலிஜிபிலிட்டி (தகுதி), மெடிக்கல் (மருத்துவம்), கிரிமினாலிட்டி (குற்றப் பதிவு), செக்யூரிட்டி (பாதுகாப்பு) என்ற நான்கு வரிகள். எலிஜிபிலிட்டி பாஸ் என்றால் திருமணம் உண்மையானது என்று அதிகாரி ஏற்றுவிட்டார். இனி படங்களும் வாட்ஸப் பதிவுகளும் அனுப்பிக் குவிப்பதில் பயனில்லை. எலிஜிபிலிட்டி இன்னும் "நொட் ஸ்டார்ட்டட்" என்றால் கோப்பு வரிசையில் கிடக்கிறது, யாரும் பார்க்கவில்லை. "ரிவியூ ரிக்வயர்ட்" என்றால் யாரோ பார்த்து ஏதோ ஒன்றில் நின்றிருக்கிறார். அந்தக் காரணம் குறிப்புகளில் இரண்டு வரியிலாவது இருக்கும். செக்யூரிட்டி வரி மட்டும் நடந்துகொண்டிருந்து மற்றது எல்லாம் பாஸ் என்றால் கோப்பு பெரும்பாலும் ஐ.ஆர்.சி.சி.யின் கையில் இல்லை, எல்லைப் பாதுகாப்பு முகவரகத்தின் கையில் இருக்கிறது. அந்த முகவரகத்திடம் தனியாக இன்னொரு தகவல் கோரிக்கை போடலாம்; சோதனை எந்தத் தேதியில் திறக்கப்பட்டது என்பது அங்கிருந்துதான் தெளிவாக வரும்.

சில இடங்கள் வெள்ளையடித்து 15(1), 16(1)(சி) என்று சட்டப் பிரிவு குறித்திருக்கும். அதைப் பார்த்துப் பதறவேண்டாம். பாதுகாப்புச் சோதனைக்குப் போன கோப்புகளில் அது வழமை. சந்தேகப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது என்பதற்கு அது அத்தாட்சி இல்லை. இன்னொன்று: குறிப்பு, அதை எடுத்த நாளின் நிலையைத்தான் காட்டும். உங்கள் கைக்கு வரும்போது அது வாரக்கணக்கில் பழசு. மாதாமாதம் கேட்பது வீண். மூன்று மாத இடைவெளி போதும்.

இதே குறிப்பை எடுத்துத் தருகிறோம் என்று பல மடங்கு காசு வாங்கும் தனியார் தளங்கள் உண்டு. அவர்கள் நிரப்புவதும் இதே படிவம், கட்டுவதும் இதே ஐந்து டொலர். கனடாவில் ஸ்பொன்சர் இருக்கும் வீட்டுக்கு அவர்கள் தேவையே இல்லை.

குறிப்பில் அடிக்கடி தென்படும் எங்கள் பக்கத்துச் சிக்கல்கள்

முதலாவது பெயர். இலங்கைப் பாஸ்போர்ட்டில் தந்தை பெயரும் சொந்தப் பெயரும் ஒரு விதமாகவும், பிறப்புச் சான்றிதழிலும் விவாகப் பதிவிலும் இன்னொரு விதமாகவும் இருக்கும். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே வெறுமையாக இருக்கலாம். அப்படி ஒற்றைப் பெயர் இருந்தால் படிவத்தில் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, மற்றக் கட்டத்தை வெறுமையாக விடுவதுதான் முறை. வேறு எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் "பயன்படுத்திய வேறு பெயர்கள்" பகுதியில் எழுதி, எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று ஒரு சத்தியக் கடதாசியும் இணையுங்கள். இதைச் செய்யாத கோப்பில் பின்னணிச் சோதனை ஒருமுறை தவறான பெயரில் ஓடி, மறுபடியும் முதலிலிருந்து ஓடும்.

இரண்டாவது, எழுத்து எனப்படும் விவாகப் பதிவு. யாழ்ப்பாணத்தில் எழுத்து முடிந்து, தாலி கட்டு பல மாதம் கழித்து நடப்பது எங்களுக்குச் சாதாரணம். அதிகாரிக்கு அது இரண்டு திருமணத் தேதி. எழுத்து நாளில் எடுத்த பத்துப் படமும் சேர்ந்து வாழாத ஒரு வருடமும் கோப்பில் இருந்தால், திருமணம் உண்மையானதுதானா என்ற கேள்வி எழும். இரண்டு தேதிக்கும் விளக்கம், பெரியவர்கள் பேசி முடித்த விதம், சாதகப் பொருத்தம், மண்டபப் பதிவு, தாலிக்கொடி ரசீது எல்லாவற்றையும் ஒரு பக்கக் கடிதத்தில் முன்கூட்டியே கொடுத்தால் நேர்காணலைத் தவிர்க்க வாய்ப்பு அதிகம். மணமக்களில் ஒருவர் நேரில் இல்லாமல், காணொளியில் இருந்தபடி நடந்த திருமணத்தை 2015 யூன் 11 முதல் கனடா ஏற்பதில்லை. விமான டிக்கெட்டுக்குப் பார்த்து அதைச் செய்தவர்கள் மறுபடியும் நேரில் மணம் செய்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது போர்க்காலம். விடுதலைப் புலிகளைக் கனடா 2006 ஏப்ரலில் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. குடிவரவுச் சட்டத்தின் 34 ஆம் பிரிவு, அப்படிப்பட்ட அமைப்பில் அங்கம் வகித்தவரைத் தடுக்கிறது. வன்னியில் வாழ்ந்தவர், 2009 இல் முகாமில் இருந்தவர், புனர்வாழ்வுக்குப் போனவர் என்றால் கோப்பு விரிவான பாதுகாப்புச் சோதனைக்குப் போக வாய்ப்பு அதிகம். ஒரு பகுதியில் வசித்தது மட்டும் குற்றமாகாது. ஆனால் ஐ.எம்.எம். 5669 என்ற பின்னணி விபரப் படிவத்தில் மாதம் விடுபட்டாலோ, முன்பு போட்ட மாணவ விசா விண்ணப்பத்தில் எழுதியதோடு இப்போது எழுதியது முரண்பட்டாலோ அதிகாரி அங்கேதான் நிற்பார். வேலை இல்லாமல் வீட்டில் இருந்த மாதங்களையும் "வேலையில்லை, பெற்றோர் ஆதரவு" என்று எழுதவேண்டும். மறைத்தது பிடிபட்டால் 40 ஆம் பிரிவு, ஐந்து வருடத் தடை. இந்த வகைக் கோப்புக்குத்தான் ஆரம்பத்திலேயே வழக்கறிஞருக்குக் காசு கொடுப்பது தகும்.

வளைகுடா வேலையும் ஒரு தனிக் கதை. 18 வயதுக்குப் பிறகு, கடந்த பத்து வருடத்துக்குள் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் சான்றிதழ் வேண்டிவரலாம். கட்டாரிலோ சவூதியிலோ இருந்து திரும்பிய பிறகு அதை எடுப்பது தலையிடி. கேட்கும்வரை காத்திருக்காமல் விண்ணப்பத்தோடு தொடங்குங்கள்.

எம்.பி. அலுவலகம்

இலவசம், குறிப்புக்கு அடுத்தபடியாகப் பயனுள்ளது. தொகுதி அலுவலகத்துக்கு ஐ.ஆர்.சி.சி.யிடம் விசாரிக்கத் தனிப் பாதை உண்டு. இருவரும் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் கேட்பார்கள். முடிவை அவர்களால் மாற்ற முடியாது. வரிசையில் முன்னே நகர்த்தவும் முடியாது. அவர்களால் முடிந்தது ஒரு சரியான கேள்விக்கு மனிதர் எழுதிய பதிலை வாங்கித் தருவது. அதனால் கேள்வியை நீங்கள்தான் கூர்மையாக்க வேண்டும். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று எழுதினால் "செயலாக்கத்தில் உள்ளது" என்று வரும். "குறிப்பின்படி எலிஜிபிலிட்டி மார்ச் மாதம் பாஸ், பாதுகாப்புச் சோதனை பங்காளர் நிறுவனத்துக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, திரும்பி வந்ததா, மருத்துவம் காலாவதியாகும் தேதி என்ன?" என்று எழுதினால் மூன்றில் இரண்டுக்காவது பதில் கிடைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு எம்.பி.யிடம் போகாதீர்கள், ஒரே கோப்புக்கு இரட்டை விசாரணை வந்தால் இரண்டு பக்கமும் குழப்பம்.

காசு வாங்கி உதவுபவர்கள்

கனடாவில் குடிவரவு ஆலோசனைக்குக் காசு வாங்க வழக்கறிஞர், உரிமம் பெற்ற ஆலோசகர், ஒன்ராறியோவின் பரலீகல், கியூபெக்கின் நொத்தாரிசு ஆகியோருக்கே அனுமதி. ஆலோசகர்களை 2021 நவம்பர் முதல் ஒழுங்குபடுத்தும் "கல்லூரி" என்ற உரிம அமைப்பின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். "எனக்கு உள்ளுக்கு ஆள் இருக்கு" என்று யாராவது சொன்னால் அந்தக் கதிரையை விட்டு எழும்பிவிடுங்கள். தாமதமான கோப்பைப் "பார்த்துத் தருகிறேன்" என்று ஆலோசகர் கேட்டால், அவர் செய்யப் போவது என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். குறிப்பு எடுப்பதும் வெப்ஃபோர்ம் போடுவதும் மட்டும் என்றால் அது நீங்களே செய்யக்கூடிய வேலை.

பிரிந்திருக்கும் காலத்தைக் குறைக்கும் வழி

காத்திருப்பைத் தாங்க உண்மையில் உதவுவது வருகை விசாதான். 2023 மே மாதம் அப்போதைய அமைச்சர் ஷோன் ஃப்ரேசர், வாழ்க்கைத்துணை விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களின் வருகை விசாவை விரைவாக, 30 நாள் இலக்கோடு பார்ப்பதாக அறிவித்தார். முன்பு "திரும்பிப் போகமாட்டார்" என்று மறுத்த கதைகளைக் கேட்டுப் பலர் இன்னும் முயல்வதே இல்லை. குடிவரவுச் சட்டத்தின் 22(2) பிரிவு, நிரந்தரமாக வர விரும்புபவர் தற்காலிகமாகவும் வரலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. விண்ணப்பத்தில் கோப்பு கிடைத்ததற்கான ஏ.ஓ.ஆர். கடிதம், ஸ்பொன்சர் தகுதிக் கடிதம் வந்திருந்தால் அது, தங்குமிடம், காசு, விசா முடிந்தால் திரும்புவேன் என்ற கடிதம் ஆகியவை இருக்கட்டும். மறுத்தால் நிரந்தர வதிவிடக் கோப்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் இனிமேல் நிரப்பும் படிவங்களில் அந்த மறுப்பை எழுதவேண்டும்.

வந்து இறங்கினால் வழக்கமாக ஆறு மாதம். அது முடியும் முன்பே நீடிப்புக்கோ திறந்த வேலை அனுமதிக்கோ விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை சட்டபூர்வமாக இருக்கலாம். வேலை அனுமதிக்கு 155 உம் 100 உம் சேர்ந்து 255 டொலர். இருவரும் ஒரே முகவரியில் வாழவேண்டும். மருத்துவச் செலவுதான் இங்கே குழி. ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் வருகை விசாவுக்குக் கிடைக்காது. தனியார் வருகைக் காப்புறுதி பெரும்பாலும் பிரசவத்தை ஏற்காது. கர்ப்பமாக இருப்பவர் இதைக் கணக்குப் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுக்கவேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை ஸ்பொன்சருக்கு. நிரந்தர வதிவிடக்காரராக இருந்து ஸ்பொன்சர் செய்தவர் கனடாவில் வசித்துக்கொண்டிருக்க வேண்டும். மனைவியோடு இருக்கலாம் என்று ஊரில் போய் நீண்ட காலம் தங்கினால் ஸ்பொன்சர் தகுதியே ஆட்டம் காணும். குடியுரிமை உள்ளவருக்கு இந்தக் கட்டு தளர்வு. துணை வந்து சேரும்போது கனடாவுக்குத் திரும்புவேன் என்று காட்டினால் போதும்.

இடையில் பிறக்கும் குழந்தையையும் சொல்லாமல் விடக்கூடாது. விண்ணப்பத்தில் காட்டாத குழந்தையைப் பின்னர் குடும்ப வகுப்பில் அழைக்க முடியாமல் போகலாம். தந்தையோ தாயோ கனடாவில் குடியுரிமை பெற்றவர் என்றால் குழந்தை பிறப்பிலேயே கனடியராக இருக்கலாம்; அப்போது போடவேண்டியது குடியுரிமைச் சான்றிதழ் விண்ணப்பம்.

கியூபெக் தனி உலகம். மொன்றியலில் வாழ்பவர் ஒட்டாவாவோடு மாகாண அமைச்சின் ஒப்புதலையும் பெறவேண்டும். 2024 யூன் 26 முதல் 2026 யூன் 25 வரை குடும்ப ஸ்பொன்சர்களுக்கு அந்த மாகாணம் 13,000 என்று உச்ச வரம்பு வைத்தது. அதில் துணைகளுக்கும் பிள்ளைகளுக்கும் 10,400. அங்கே நிற்கும் கோப்புக்கு ஒட்டாவாவிடம் கேட்டுப் பயனில்லை. மாகாண சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகம்தான் கதவு.

கோர்ட்

எல்லாம் பார்த்தும் நகரவில்லை என்றால் ஃபெடரல் கோர்ட்டில் மாண்டமஸ், அதாவது முடிவெடுக்கும்படி திணைக்களத்துக்கு உத்தரவிடக் கேட்கும் வழக்கு. கோர்ட் கட்டணம் 50 டொலர், செலவு வழக்கறிஞருக்குத்தான். 1999 இல் வெளியான கொனில் தீர்ப்பு மூன்று கேள்வி கேட்கிறது: இந்த வகை வேலைக்குத் தேவையானதை விட நீண்டதா, தாமதத்துக்கு விண்ணப்பதாரர் காரணமா, திணைக்களம் ஏற்கத்தக்க காரணம் சொன்னதா. முதலில் கெடு வைத்து ஒரு கோரிக்கைக் கடிதம் போகும். வழக்குப் பதிவான பிறகு தீர்ப்புக்கு முன்பே கோப்பு நகர்ந்துவிடுவதும் உண்டு. கோர்ட் சொல்லக்கூடியது "முடிவு எடு" என்று மட்டுமே. "ஏற்றுக்கொள்" என்று சொல்லாது. எலிஜிபிலிட்டி பலவீனமாக உள்ள கோப்பைக் கோர்ட்டால் அவசரப்படுத்தினால் வேகமாக வருவது மறுப்பாகவும் இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து போட்ட குடும்ப வகுப்புக் கோப்பு மறுக்கப்பட்டால் 30 நாளில் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். கனடாவுக்குள்ளிருந்து போடும் வகுப்புக்கு அந்த உரிமை இல்லை. 12 மாதம் தாண்டிய அடுத்த வாரமே மாண்டமஸ் பேசுபவர் காசுக்குப் பேசுகிறார்.

மருத்துவப் பரிசோதனை 12 மாதமே செல்லும். காலாவதியானால் மறுபடி அழைப்பார்கள். அழைக்காமல் தானாகப் போய்ச் செய்யாதீர்கள். முடிவு வந்து பாஸ்போர்ட் கேட்கும்போது, இறங்கவேண்டிய கடைசி நாள் பெரும்பாலும் அந்த மருத்துவம் அல்லது பாஸ்போர்ட் முடியும் நாளை ஒட்டியே இருக்கும். ஆறு மாதத்துக்குள் முடியப்போகும் பாஸ்போர்ட் கையில் இருந்தால் இப்போதே புதுப்பித்து, புது எண்ணை வெப்ஃபோர்மில் போட்டுவிடுங்கள். வீடு மாறுதல், வேலையை விடுதல் எல்லாம் விசா ஒட்டிய பாஸ்போர்ட் வி.எஃப்.எஸ். விசா நிலையத்திலிருந்து கைக்கு வந்த பிறகு.